போகியன்று வந்த படகு

இந்தப் பொங்கலுக்குப் படாளம் போவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் நான் உரக்க முடிவு செய்யக்கூடிய இடம் அது ஒன்றுதான். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொண்டு, "போக மாட்டேன், போக மாட்டேன், போகவே மாட்டேன்" என்று மூன்று முறை சொன்னேன். வெளியே வந்ததும் வச்சலா, "எங்க போவ மாட்டீங்க?" என்றாள்.

"இந்த வெயில்ல ஆபீசுக்கு நடந்து போக மாட்டேன்னு சொன்னேன்" என்றேன். அது மார்கழி மாதம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

வச்சலா என் மனைவி. படாளம் அவள் பிறந்த ஊர். நாங்கள் குடியிருக்கும் செங்கல்பட்டில் பஸ் ஏறினால் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். நெல்லும் கரும்பும் விளைகிற நல்ல ஊர். என் மாமியார் கல்யாணி அம்மாளும் மைத்துனன் மாரியும் அங்கே இருக்கிறார்கள் என்பதைத் தவிர, அந்த ஊர்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது.

கல்யாணமாகி மூன்று பொங்கல். மூன்றும் படாளத்தில். முதல் பொங்கலில் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மாப்ள இன்னா இவ்ளோ பூஞ்சையா கீறாரு" என்று வருத்தப்பட்டுவிட்டு, என்னைத் தேற்றுவதற்காக நாலு நாளும் சோற்றாலேயே அடித்தார். இரண்டாம் பொங்கலில், மாட்டுப் பொங்கலன்று, மாரி ஒரு மாட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்து, "சும்மா புடிச்சிகினு நில்லுங்க மாமா, போட்டோ எடுக்கலாம்" என்றான். போட்டோ எடுக்கவில்லை. மாடுதான் என்னை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கரும்புத் தோட்டம், வாய்க்கால், களத்துமேடு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டு ஏரிக்கரையில் இறக்கிவிட்டது. வேட்டி வாய்க்காலோடு நின்றுவிட்டது.

மூன்றாம் பொங்கலில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பொங்கலில் நடந்ததை வந்தவர் போனவருக்கெல்லாம் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மாடு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. சாயங்காலத்துக்குள் அது கன்றுக்குட்டி ஆகிவிட்டது. மாடு இழுத்தது எனக்கு வலிக்கவில்லை. இது ரொம்ப வலித்தது.

ஆகவே நாலாவது பொங்கலுக்கு எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. தலைவலி, வயிற்றுவலி எல்லாம் வச்சலாவிடம் செல்லாது. கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் தொடக்கூடிய, வீட்டை விட்டு நகர முடியாத சாக்காக இருக்க வேண்டும். கடவுளாகப் பார்த்துப் பதினாலு அடி நீளத்தில் ஒன்றை அனுப்பினார்.

மார்கழிக் கடைசியில் ஆபீஸ் வேலையாக மகாபலிபுரம் போயிருந்தேன். அங்கே கடற்கரை ஓரம் ஒரு பழைய பங்களா. அதன் வாட்ச்மேன் சாலமோன் எனக்குப் பழக்கம். பங்களா கைமாறிவிட்டதாம். பழைய முதலாளி வெளிநாடு போய்விட்டாராம். சவுக்கு மரத்தடியில் ஒரு மரப்படகு, முதுகைக் காட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தது. பாய்மரம் பக்கத்தில் கிடந்தது. பாய் இருந்த இடத்தில் எலி இருந்தது.

"புது மொதலாளி இத்த அப்புறப்படுத்தச் சொல்லிட்டாரு சார். நீங்க எடுத்துகினு போறீங்களா? இல்லன்னா அடுப்புக்குத்தான்" என்றார் சாலமோன்.

எனக்குக் கண்முன் எல்லாம் தெரிந்தது. நீலக்கடல். வெள்ளைப் பாய். சுக்கானைப் பிடித்துக்கொண்டு நான். எதிரே வச்சலா, என்னை முதல் முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு. கடலுக்கு முப்பது கிலோமீட்டரில் குடியிருந்தும் மூன்று வருஷத்தில் அவளை ஒருமுறைகூட நான் கடலுக்கு அழைத்துப் போனதில்லை. வாரத்துக்கு ஒருமுறை அதைச் சொல்லிக் காட்ட அவளும் தவறியதில்லை. படகைச் சரி செய்தால் படாளத்துக்கு டிமிக்கி, வச்சலாவுக்குக் கடல், எனக்கு மரியாதை. இந்த வருஷம், எழுபத்தெட்டில், பொங்கல் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் நாலு நாள் கையில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சவுக்குக்கட்டை லாரி ஒன்று, கட்டைமேல் படகையும், படகுக்குள் ஒரு மீனவரையும் ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவில் நுழைந்தது. அன்று போகி என்பதை நான் யோசிக்கவில்லை. தெரு முழுக்கப் பழைய பாயும் முறமும் எரிந்து புகைந்துகொண்டிருந்தது. படகை வாசல் பக்கத்துக் காலி இடத்தில் இறக்கிவிட்டு, லாரிக்காரரைக் காபி குடிக்க உள்ளே கூட்டிப்போனேன். திரும்பி வந்து பார்த்தால் படகுக்குள் மூன்று கோரைப்பாய், இரண்டு துடைப்பம், கம்பி போன குடை ஒன்று. தெருவுக்கே பொதுவாகக் கொளுத்துவதற்கு நான் ஏற்பாடு செய்திருப்பதாக நினைத்துவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரர் கையில் மண்ணெண்ணெய் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்றார்.

"சார், இது பழசு இல்ல, புதுசு!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். அப்போது ஒரு பலகை தானாகவே கழன்று என் காலில் விழுந்தது.

வச்சலா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னாங்க இது?"

"படகு."

"படகுன்னு தெரியுது. நம்ம வூட்டுக்கு எதுக்கு வந்துகீது?"

"நான்தான் கொண்டாரச் சொன்னேன்."

"இன்னிக்கு இன்னா நாளு? ஊரே பழச வெளிய போட்டுகினு கீது. நீங்க ஊரான் வூட்டுப் பழச உள்ள கொண்டாந்துகினு கீறீங்க."

"இத சரி பண்ணி, பாய் கட்டி, காணும் பொங்கலன்னிக்கு மகாபலிபுரத்துல மிதக்க விடப்போறேன். உன்னை உக்கார வெச்சு."

"அப்ப படாளம்?"

"அதான் பாரு," என்று குரலைத் தாழ்த்தி வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன். "நாலு நாள் வேலை இருக்கு. இந்த வருஷம் முடியாது போலிருக்கே."

அவள் படகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எது அதிகம் உளுத்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"சரி. ஒரு பந்தயம்" என்றாள். "திங்கக்கெழம மத்தியானம் பன்னண்டு மணிக்குள்ள இது கடல்ல மெதக்கணும். மெதந்தா நான் படாளம்னு வாயத் தொறக்க மாட்டேன். மெதக்கலன்னா சாயங்காலம் பஸ்ஸுக்கு மூட்டையத் தூக்கினு என்கூட வரணும். வந்து ஒரு வாரம் இருக்கணும்."

"ஒரு வாரமா!"

"ஏன், போட்டு மேல நம்பிக்கை இல்லியா?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுக்காரர் மண்ணெண்ணெயை இன்னும் மூடவில்லை. "சரி!" என்று சொல்லிவிட்டேன்.

படகோடு வந்த மீனவர் பெயர் இருசப்பன். சாலமோன்தான் அனுப்பியிருந்தார். அவர் படகைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். விரல் அந்தப் பக்கம் வந்தது.

"எப்படி அண்ணாத்த இருக்கு?" என்று கேட்டேன்.

"சார், இது போட்டு இல்ல. ஜல்லடை."

"சரி பண்ண முடியாதா?"

"மரம் நல்ல மரம் சார். கெடக்க வேண்டிய எடத்துல கெடக்கல. தண்ணில கெடக்கற வஸ்துவ வெயில்ல போட்டா காஞ்சி வாயத் தொறந்துக்கும். மொதல்ல பழைய பெயின்ட சொரண்டு. சந்து சந்தா தென்னநார அடை. குங்கிலியத்தப் பொடி பண்ணி எண்ணெயில காய்ச்சி மேல பூசு. அப்பறம் உள்ள தண்ணி ரொப்பி ஊற வையி. மரம் தண்ணி குடிச்சி உப்பிக்கும். உப்பிச்சின்னா சந்து தானா மூடிக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். ரெண்டு ஆளு பண்ணா ஒரு வாரம்."

"ஒரே ஆளு, மூணு நாள்ல பண்ணா?"

இருசப்பன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பேனா பிடித்த கை. "திங்கக்கெழம கோயிலாண்ட கரையில நிக்கறேன் சார். வந்தா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வச்சலா கொடுத்த போளியைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அன்று முழுக்கச் சுரண்டினேன். நீல பெயின்டுக்கு அடியில் பச்சை பெயின்டு இருந்தது. பச்சைக்கு அடியில் சிவப்பு. சிவப்புக்கு அடியில் மறுபடி நீலம். மத்தியானம் வாக்கில் தெருவில் கரும்பு வண்டி வந்தது. வச்சலா கரும்பு வாங்கப் போனவள், வண்டிக்காரரோடு கால் மணி நேரம் பேசினாள்.

"இன்னா அவ்வளவு பேச்சு?"

"அவரு படாளத்துக்காரருங்க. அம்மாவுக்குச் சேதி சொல்லி அனுப்பினேன்."

சுரண்டுவதை நிறுத்தினேன். "இன்னா சேதி?"

"இந்த வருஷம் நாங்க பொங்கலுக்கு வரல, அவரு போட்டு செஞ்சிகினு கீறாருன்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் சொல்லத் தயங்கிய சேதியை அவளே சொல்லி அனுப்பிவிட்டாள். பாதி ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு, அந்த உற்சாகத்திலேயே இன்னொரு பச்சை பெயின்டைச் சுரண்டி எடுத்தேன்.

சனிக்கிழமை பொங்கல். வாசலில் வச்சலா கிழக்கே பார்த்துப் பொங்கல் பானை வைத்தாள். பத்தடி தள்ளி நானும் மூன்று கல்லைக் கூட்டிக் குங்கிலியச் சட்டி வைத்தேன். ஒரே வாசலில் இரண்டு அடுப்பு. அவள் அடுப்பில் பால். என் அடுப்பில் எண்ணெய். என் சட்டிதான் முதலில் பொங்கியது.

"பொங்கலோ பொங்கல்!" என்று எதிர் வீட்டில் குரல் கொடுத்தார்கள்.

குங்கிலியப் புகை சாம்பிராணி மாதிரி தெருவை மூடியது. பக்கத்துத் தெருக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள்.

"ஏன் வச்சலா, பானை தெக்கால பொங்கி வழிஞ்சா இன்னா பலன்?"

"வேட்டி எரியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நாரை அடைத்தேன். குங்கிலியம் பூசினேன். படகில் பாதியும் என்மேல் பாதியும் ஒட்டியது. பிறகு கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துப் படகை நிரப்ப ஆரம்பித்தேன். அறுபது வாளி வரை எண்ணினேன். அறுபது வாளியும் ஒரு பக்கம் போய், மறு பக்கம் வந்தது. வச்சலா ஒரு வார்த்தை திட்டவில்லை. செம்பருத்தித் தொட்டி, துளசிச் செடி, கனகாம்பரம் எல்லாவற்றையும் எடுத்து வந்து ஒழுகுகிற இடமாகப் பார்த்து வரிசையாக வைத்தாள்.

"ஊத்துங்க, ஊத்துங்க. கனகாம்பரத்துக்கு இன்னும் பத்தல" என்றாள்.

பக்கத்து வீட்டு ஜெயினுலாபுதீன் பாய் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். சாயங்காலம் ஒரு சுருள் கெட்டிக் காடாத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னா தம்பி, பாய் வேணும்னியாமே?"

"பாய் நீங்களே வந்துட்டீங்களே. துணி இருந்தா போதும்."

"நக்கலு! கடையில தீபாவளிக்கு வந்த சரக்கு, ஓரத்துல கறை பட்டுப்போச்சு. கடலுக்குக் கறை தெரியாது, எடுத்துக்க. அது சரி, உங்க வூட்டம்மா கோவமா கீதா?"

"இல்ல பாய். ரொம்ப ஒத்தாசையா இருக்கா."

பாய் யோசித்தார். தாடியைத் தடவினார். "முப்பது வருஷம் குடும்பம் நடத்துறவன் சொல்றேன் தம்பி. பொம்பளைங்க கோவமா இருந்தா பயப்படாத. ஒத்தாசையா இருந்தா உஷாரா இரு."

நான் சிரித்தேன். வச்சலா அந்தத் துணியை வாங்கி, தையல் மெஷினில் போட்டு, நான் கேட்காமலே இரண்டு மணி நேரத்தில் முக்கோணப் பாயாகத் தைத்துக் கொடுத்தாள். ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்டிருந்தாள். தோற்க ஆசைப்படுகிறவள் இரட்டைத் தையல் போடுவாளா, ஜெயிக்க ஆசைப்படுகிறவள் போடுவாளா என்றெல்லாம் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தையல் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மாட்டுப் பொங்கல். காலையில் எழுந்து வந்து பார்த்தேன். படகில் தண்ணீர் அப்படியே நின்றது! ஒரே ஒரு இடத்தில் மட்டும் முத்து முத்தாகக் கசிந்தது. அங்கே இன்னும் கொஞ்சம் நார் வைத்தேன். அதுவும் நின்றது. என்னையறியாமல் அந்தப் படகைக் கட்டிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் கையால் செய்து உருப்பட்ட முதல் பொருள் அது. மத்தியானத்துக்குள் வெளிப்பக்கம் வெள்ளை அடித்து, நீலத்தில் ஒரு கோடும் இழுத்தேன். தெருவே வந்து பார்த்தது. எதிர் வீட்டுக்காரர்கூட, "கொளுத்தாம இருந்தது நல்லதாப் போச்சு சார்" என்றார்.

"பாத்தியா?" என்று வச்சலாவைக் கேட்டேன். "நாளைக்குப் பன்னண்டு மணி."

"பாத்துகினுதான் கீறேன். ஆமா, இத எப்படி மகாபலிபுரத்துக்கு எடுத்துகினு போவீங்க?"

"மாட்டு வண்டியில. இன்னிக்குச் சாயங்காலம் கெளம்பினா காலையில கரையில இருக்கலாம்."

"இன்னிக்கா?" என்றாள்.

மேட்டுத் தெரு வண்டிக்காரரிடம் ஓடினேன். அவர் வீட்டு வாசலில் மாடுகள் இரண்டும் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றன. கொம்பில் சிவப்பு வர்ணம், கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம். வண்டிக்காரர் அவற்றுக்குப் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டி வேணுமே" என்றேன்.

அவர் மாட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சார், இன்னிக்கு மாட்டுப் பொங்கலு."

"தெரியும்."

"தெரிஞ்சிகினா வந்தீங்க? வருசத்துல முந்நூத்து அறுவத்தி நாலு நாளு அதுங்க இழுக்குது. இன்னிக்கு ஒரு நாளு நாமளே வண்டிய இழுத்தாக்கூட இழுக்கலாம், அதுங்க மேல நொகத்தடி வைக்கக் கூடாது. நீங்க இன்னா சார், ஊருக்குப் புதுசா?"

"அப்ப நாளைக்குக் காலையில?"

"நாளைக்கு எங்க வூட்டு ஜனம் பதினாறு பேரும் அந்த வண்டியில ஏறிகினு பீச்சுக்குப் போவுது. ஓரத்துல எடம் இருந்தா நீங்க மட்டும் வேணா வாங்க. போட்டுக்கு எடமில்ல."

லாரிக்காரரைத் தேடிப் போனேன். லாரிக்கு மாலை போட்டுவிட்டு அவர் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். இன்னொரு வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். அன்றைக்கு மாடு இழுத்துச் சிக்கினேன், இன்றைக்கு மாடு இழுக்காமல் சிக்கினேன் என்று நினைத்துக்கொண்டே, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாய் வாசலில் நின்றார்.

"கெடைக்கலியா தம்பி?"

"இல்ல பாய்."

"தலையில தூக்கினு போலாம்னா, பதினெட்டு மைலு" என்று அனுதாபத்தோடு சொன்னார்.

உள்ளே வச்சலா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். முணுமுணுவென்று ஏதோ பாட்டு. நான் படகுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். துக்கமாக இருந்தது. படாளத்தில் ஒரு வாரம். ஏழு நாளும் மாட்டுக் கதை. இந்த முறை கதையில் ஒரு படகும் சேர்ந்துகொள்ளும். கன்றுக்குட்டி அதற்குள் ஆட்டுக்குட்டி ஆகியிருக்கும்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. நான் நம்பிக்கையை இழந்து பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் படபடவென்று ஒரு சத்தம். டிராக்டர். பின்னால் பெரிய டிரெய்லர். டிரெய்லரில் கரும்புக் கட்டு, பூசணிக்காய், வாழைத்தார், பரங்கிக்காய், இவற்றுக்கு நடுவே நாற்காலி போட்டு என் மாமியார். ஓட்டிக்கொண்டு வந்தது மாரி.

எனக்குப் பல் பொடி தொண்டையில் இறங்கிவிட்டது.

"இன்னா மாப்ள!" என்றார் மாமியார் மேலே இருந்தபடியே. "வரலன்னு சொல்லி அனுப்பிட்டா நாங்க உட்டுடுவமா? காணும் பொங்கலுக்குப் பொண்ணையும் மாப்ளையையும் பாக்காம இருக்க முடியுமா? நீங்க வந்து பாக்கலன்னா நாங்க வந்து பாக்கறோம். அதான வழக்கம்?"

அதுதான் வழக்கம். காணும் பொங்கல் என்றால் உறவைப் போய்ப் பார்க்கிற நாள். போகாதவனை உறவு வந்து பார்க்கும். செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்த ஒவ்வொருவனுக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். மூன்று நாள் படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்ததில் மறந்துபோய்விட்டேன்.

வச்சலாவைப் பார்த்தேன். அவள் அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்து வர உள்ளே திரும்பினாள். போகிற போக்கில் என் காதருகில், "தம்பி டிராக்டரு காலியாத்தான் இருக்கும் இனிமே. மணி எட்டரைதான் ஆவுது" என்றாள்.

புரிந்தது. பன்னிரண்டு மணிக்குப் படகு மிதக்க வேண்டும் என்றால் மாரியைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், அதே டிராக்டரில் படாளம். எப்படிப் பார்த்தாலும் நான் ஏற வேண்டியது அந்த டிரெய்லரில்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு அவனிடம் போனேன்.

"மாரி..."

"சொல்லுங்க மாமா."

"ஒரு ஒத்தாசை."

"மாமா என்கிட்ட ஒத்தாசை கேக்கறாரும்மா!" என்று அவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். "சொல்லுங்க மாமா, மாடு புடிக்கணுமா?"

"படகை மகாபலிபுரம் கொண்டுபோகணும்."

மாரி படகைப் பார்த்தான். சுற்றி வந்தான். கையால் தடவினான். அவன் முகத்தில் கேலி போய்விட்டது. "நெசமா நீங்களா மாமா செஞ்சீங்க?" என்றான்.

"நானேதான்."

"அம்மா, எறங்கி வந்து பாரேன். மாமா சோக்கா செஞ்சிகீறாரு!"

சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு நான் கொஞ்சம் உருகிவிட்டேன். தெருவே கை கொடுத்துப் படகைத் தூக்கி டிரெய்லரில் வைத்தது. படகுக்குள் மாமியார் நாற்காலியோடு ஏறிக்கொண்டார். அவரைச் சுற்றிப் புளியோதரை, தயிர் சாதம், கரும்பு. திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் நுழைந்தபோது, மாலை சுற்றிய டிராக்டரையும், வெள்ளைப் படகையும், உள்ளே மஞ்சள் புடவையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த மாமியாரையும் பார்த்துவிட்டு, இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். "எந்தக் கோயில் தெப்பம்?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். "படாளம்" என்றேன்.

மகாபலிபுரத்தில் மணல் தெரியாத அளவுக்கு ஜனம். கோயிலுக்குப் பக்கத்துக் கரையில் இருசப்பன் நின்றுகொண்டிருந்தார். படகைப் பார்த்தார். மறுபடி விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை.

"அட, ஜல்லடை போட்டாயிடுச்சே!" என்றார்.

அலை அன்றைக்குச் சாந்தமாக இருந்தது. குப்பத்து ஆட்கள் ஆறு பேர் தள்ளினார்கள். படகு ஒருமுறை தலையாட்டியது. சாய்ந்தது. நிமிர்ந்தது. மிதந்தது! மணி பதினொன்று ஐம்பது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "வச்சலா! பன்னண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கு! நான் ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினேன்.

"ஜெயிச்சிட்டீங்க, ஜெயிச்சிட்டீங்க. கை குடுங்க, ஏறணும்" என்றாள்.

கை கொடுத்தேன். வச்சலா ஏறினாள். "எனக்கும் ஒரு கை குடுங்க மாப்ள" என்றார் மாமியார். கொடுத்தேன். மாரி யாரையும் கேட்காமல் ஏறினான். இருசப்பன் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். நான் காலைத் தூக்கினேன்.

"சார், நீ வாணாம்" என்றார் இருசப்பன். "இது நாலு பேருக்குண்டான போட்டு."

"இது என் படகு அண்ணாத்த!"

"உன்னுதுதான் சார். அஞ்சாவது ஆளு ஏறுனா கடலோடதாயிடும்."

வச்சலா என்னைக் கனிவோடு பார்த்தாள். "நீங்க செஞ்சது மெதக்கறத நீங்க கரையிலேந்து பாத்தாத்தாங்க அழகு. அப்படியே புளியோதரையையும் செருப்புங்களையும் பாத்துக்கங்க. காக்கா ஜாஸ்தி கீது."

பாயைக் கட்டினார் இருசப்பன். காற்று பிடித்தது. இரட்டைத் தையல் தாங்கியது. படகு வெள்ளையாக, நேராக, யாரோ கெட்டிக்காரன் செய்த படகு மாதிரி போயிற்று. எட்டு செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு பார்த்தேன். வச்சலாவின் சிரிப்பு கரை வரைக்கும் கேட்டது. மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காக மூன்று வருஷம் முன்னாலேயே அவளைக் கூட்டி வந்திருக்கலாமே, படகு எதற்கு, பஸ்ஸே போதுமே என்று தோன்றியது. காக்கா ஒரு உருண்டை புளியோதரையைத் தூக்கிக்கொண்டு போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது மாமியார் முகம் மலர்ந்திருந்தது. "மாப்ள, மாடு கதைய இனிமே நான் சொல்ல மாட்டேன்" என்றார். என் மூன்று நாள் உழைப்புக்கும் கூலி கிடைத்துவிட்டது. "இனிமே இந்தப் போட்டு கதையத்தான் சொல்லுவேன்."

"வூட்டுக்கு எடுத்துகினு போயி பத்திரமா வெச்சிக்கலாம்" என்றேன் பெருமையோடு.

"எங்க வெப்ப?" என்றார் இருசப்பன். "வாசல்லியா? ஒரு மாசத்துல காஞ்சி மறுபடி ஜல்லடை ஆயிடும் சார். இது தண்ணியிலியே கெடக்கணும்."

"உங்க குப்பத்துல வெச்சுக்குங்களேன்."

"கட்டுமரம் போடவே எடமில்ல. இந்த அலைக்கு இது தினமும் தாங்காது. ஏரித் தண்ணி மாதிரி அலையாத தண்ணி வேணும்."

"செங்கல்பட்டுலியே ஏரி இருக்கே! கொளவாய் ஏரியில..."

"யாரு காவலு?" என்றாள் வச்சலா. "ரெண்டாம் நாளு எவன் வூட்டு அடுப்புலனா எரிஞ்சிகினு கெடக்கும்."

எல்லோரும் யோசித்தார்கள். மாமியார் யோசிக்கவில்லை. "நம்ம வூட்டுக்குப் பின்னாலியே ஏரி. மாரி கண்ணு முன்னாலியே கெடக்கும். ஏத்துடா டிராக்டர்ல" என்றார்.

"அத்தை, அதுக்கு நார் அடைக்கணும், குங்கிலியம் பூசணும், உள்ள தேங்கற தண்ணிய எறைக்கணும். வாரா வாரம் வேலை இருக்கு. மாரிக்குத் தெரியாதே!" என்று கடைசியாக ஒரு போடு போட்டேன்.

"மாரிக்கு எதுக்கு? தெரிஞ்ச ஆளு நீங்க கீறீங்கள்ல? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போங்க."

வச்சலாவைப் பார்த்தேன். "பந்தயம் இன்னா? படாளம்னு வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்னே!"

"நான் எங்கங்க தொறந்தேன்? அம்மாதான சொல்லுது" என்றாள்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை படாளம் போகாமல் இருப்பதற்காகப் படகு செய்தவன், இன்றோடு இருபதாவது ஞாயிற்றுக்கிழமையாகக் கையில் தென்னைநாரும் குங்கிலியமுமாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். நீயும் வாயேன் என்று வச்சலாவைக் கூப்பிட்டேன். அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்:

"வாரத்துல இந்த ஒரு நாளுதாங்க எனக்கு வூட்டுல நிம்மதி. பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்புங்க. எங்கம்மாவ நான் ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க."